தசை உறையில் காணாமல் போன சரக்கு - ஒரு ஆன்டிபாடியின் கதை

பௌர்ணமிக்கு கிரிவலம் போனவர்களுக்குத் தெரியும். மொத்தம் 14 கிலோமீட்டர். கிளம்பிய இடத்துக்கே திரும்பி வருவதற்குள் ஏறக்குறைய 20,000 எட்டு வைக்க வேண்டும். மறுநாள் காலையில் தொடையும் கெண்டைக்காலும் பிடித்துக்கொள்ளும். இரண்டு மூன்று நாளில் தானாகச் சரியாகிவிடும்.

அது எப்படி தானாகச் சரியாகிறது என்று யாரும் யோசிப்பதில்லை. தசை என்பது ஆயிரக்கணக்கான மெல்லிய இழைகளின் கட்டு. ஒவ்வொரு இழையைச் சுற்றியும் ஒரு சவ்வு உண்டு. ஒவ்வொரு எட்டுக்கும் இழை சுருங்கி விரியும்போது அந்தச் சவ்வும் சேர்ந்து இழுபடும். அது கிழிந்து போகாமல் இருக்க, உள்ளே சில புரதங்கள் கயிறு போலவும் முளைக்குச்சி போலவும் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அவற்றில் ஒன்று இல்லாமல் பிறக்கும் குழந்தைகளுக்கு மலையைச் சுற்ற வேண்டாம், வீட்டுப் படி ஏறினாலே சவ்வு கொஞ்சம் கொஞ்சமாகப் பாழாகும்.

இதைத்தான் தசைச்சிதைவு நோய் என்கிறோம். அந்தக் காணாமல் போன புரதம் எது என்று கண்டுபிடிக்க ஒரு கருவி வந்தது. கருவி என்றால் பெரிய மெஷின் எல்லாம் இல்லை. சுண்டுவிரல் அளவு குப்பியில் இருக்கும் சில சொட்டு திரவம். அதற்குப் பெயர் ஆன்டிபாடி, தமிழில் எதிர்ப்பொருள். அதன் வரலாறு தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு ஏன் முக்கியம் என்பதைக் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம்.

1851, லண்டன்

எட்வர்ட் மெரியன் என்ற ஆங்கிலேய மருத்துவர் லண்டன் மருத்துவச் சங்கம் ஒன்றில் ஒரு கட்டுரை வாசித்தார். சில குடும்பங்களில் ஆண் குழந்தைகள் மட்டும் நடக்கத் தடுமாறி, பிறகு நடக்க முடியாமலே போய், இளம் வயதில் இறந்துவிடுகிறார்கள் என்றார். இறந்த பையனின் தசையை நுண்ணோக்கியில் பார்த்தபோது, இழைகளைச் சுற்றியுள்ள உறை சிதைந்து கிடந்ததையும் எழுதி வைத்தார். நோய் நரம்பில் இல்லை, தசையில்தான் இருக்கிறது என்பது அவர் முடிவு. நோய் தாய் வழியாக வருகிறது என்பதையும் கவனித்தார்.

ஆனால் பெயர் அவருக்குக் கிடைக்கவில்லை! பிரான்ஸ் நாட்டு டாக்டர் டுஷென் 1861-லும் 1868-லும் இதே நோயை விரிவாக எழுதினார். உயிரோடு இருக்கும் நோயாளியிடமிருந்தே துளி தசையை எடுக்க ஈட்டி போன்ற ஒரு ஊசியையும் செய்தார். இன்றைய 'பயாப்ஸி'க்கு அது ஒரு முன்னோடி. நோய்க்கு டுஷென் பெயரே நிலைத்துவிட்டது. 1879-ல் கோவர்ஸ் என்ற டாக்டர் ஒரு அடையாளத்தைப் பிரபலமாக்கினார். தரையில் உட்கார்ந்த பையன் எழுந்திருக்கும்போது கையைத் தன் முழங்காலிலும் தொடையிலும் ஊன்றி, தன் உடம்பின் மேலேயே ஏறுவது போல எழுவான். இன்றைக்கும் குழந்தை மருத்துவர்கள் முதலில் பார்ப்பது இதைத்தான்.

மெரியன் அன்றைக்கே உறை சிதைந்திருப்பதைப் பார்த்துவிட்டார். ஆனால் அந்த உறையில் என்ன குறைகிறது என்று தெரிய இன்னும் 136 வருடம் ஆனது.

இடைப்பட்ட காலம்

நடுவில் டாக்டர்கள் சும்மா இருக்கவில்லை. 1954-ல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்தில் வால்டன், நாட்ரஸ் என்ற இருவர் தசைச்சிதைவு நோய்களை வகை பிரித்தார்கள். டுஷென் ஒரு வகை. இடுப்பு, தோள் தசைகள் சிதைந்து, ஆண் பெண் இருவருக்கும் வருவது இன்னொரு வகை. 1955-ல் பெக்கர் என்ற ஜெர்மானிய மருத்துவர், டுஷென் போலவே ஆனால் மெதுவாக முற்றும் வகையைத் தனியாகப் பிரித்தார். 1959-ல் ஜப்பானைச் சேர்ந்த எபாஷியும் அவர் குழுவினரும் இந்த நோயாளிகளின் ரத்தத்தில் ஒரு தசை நொதி மிக அதிகமாக இருப்பதைக் காட்டினார்கள். இன்று லேப் ரிப்போர்ட்டில் 'சி.பி.கே.' என்று வருகிறதே, அதுதான். சாதாரணமாக 200-க்குள் இருக்க வேண்டியது இந்தப் பையன்களுக்குப் பல ஆயிரம் காட்டும். உறையில் ஓட்டை, உள்ளே இருப்பது ரத்தத்தில் கசிகிறது என்று அர்த்தம்.

ஆனால் எல்லாமே வெளியிலிருந்து பார்த்துச் சொல்வதுதான். நடையைப் பார்த்து, வயதைப் பார்த்து, குடும்பக் கதையைக் கேட்டு, ஒரு பெயர் வைப்பார்கள். பெயர் தவறினால் மற்றதெல்லாம் தவறும். பெக்கர் நோயாளியை டுஷென் என்று சொன்னால், 40 வயதில் நடமாடக்கூடியவரைப் பார்த்து 'பத்து பன்னிரண்டு வயதில் நடை நின்றுவிடும்' என்று பெற்றோரிடம் சொல்லியாகிவிடும்.

1987: சரக்கு எது என்று தெரிந்தது

1986-ல் அமெரிக்காவின் பாஸ்டனில் லூயிஸ் குங்கெல் குழுவினர் டுஷென் நோய்க்கான மரபணுவைப் பிடித்தார்கள். எக்ஸ் குரோமோசோமில் இருக்கும் ராட்சத மரபணு அது. சுமார் 22 லட்சம் எழுத்து நீளம். மனிதனிடம் உள்ளவற்றில் மிகப் பெரிய மரபணுக்களில் இதுவும் ஒன்று.

மரபணு தெரிந்துவிட்டது. அது உருவாக்கும் புரதம் எங்கே? இங்கேதான் ஆன்டிபாடி வருகிறது. உடம்புக்குள் அந்நியப் பொருள் நுழைந்தால், அதைத் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்ளும் புரதத்தை உடம்பு தயாரிக்கும். பூட்டுக்கு ஏற்ற சாவி மாதிரி, ஒரு ஆன்டிபாடி தன் பொருளைத்தான் தேடிப் போகும். குங்கெல் குழுவில் இருந்த எரிக் ஹாஃப்மன், மரபணுவின் துண்டுகளைப் பாக்டீரியாவுக்குள் வைத்துப் புரதத் துண்டுகளைத் தயாரித்தார். அவற்றை முயலுக்கும் செம்மறி ஆட்டுக்கும் ஊசி போட்டார்கள். அவற்றின் ரத்தத்தில் உருவான ஆன்டிபாடியை எடுத்துத் தசைக் கரைசலில் தேடினார்கள்.

கிடைத்தது! நல்ல தசையில் ஒரு மாபெரும் புரதம் தெரிந்தது. டுஷென் பையன்களின் தசையில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. 1987 டிசம்பரில் வெளியான அந்தக் கட்டுரையில் புரதத்துக்கு டிஸ்ட்ரோஃபின் என்று பெயர் வைத்தார்கள். தசையில் உள்ள மொத்தப் புரதத்தில் இது ஒரு லட்சத்தில் 2 பங்குதான். இவ்வளவு குறைவாக இருக்கும் ஒன்றை ஆன்டிபாடி இல்லாமல் தேடியிருந்தால் வைக்கோற்போரில் ஊசி தேடிய கதைதான்.

அடுத்த வருடமே இரண்டு முக்கியமான விஷயங்கள் தெளிவாயின. ஒன்று, ஜப்பானில் அராஹட்டா, சுகிடா குழுவினரும் வேறு சிலரும் தசையை மெல்லிய சீவலாக வெட்டி ஆன்டிபாடியைத் தடவிப் பார்த்தார்கள். டிஸ்ட்ரோஃபின் இழையின் நடுவில் இல்லை, ஓரத்தில் சவ்வை ஒட்டியே இருந்தது. மெரியன் பார்த்த அதே உறை! இரண்டு, டுஷென் நோயில் டிஸ்ட்ரோஃபின் இல்லவே இல்லை அல்லது மிக மிகக் குறைவு. பெக்கர் நோயில் புரதம் இருக்கிறது, ஆனால் அளவிலோ நீளத்திலோ குறைபட்டது. நடையைப் பார்த்துக் குழம்பிய இடத்தில் ஒரு தெளிவு வந்தது.

முயல் கொடுக்கும் ஆன்டிபாடியில் ஒரு சிக்கல் உண்டு. முயல் செத்தால் சரக்கு தீர்ந்தது. அடுத்த முயல் அதே மாதிரி தராது. இதற்கு வழி 1975-லேயே கேம்பிரிட்ஜில் கோலர், மில்ஸ்டைன் இருவரும் கண்டுபிடித்திருந்தார்கள். ஆன்டிபாடி தயாரிக்கும் எலியின் செல்லையும் சாகாமல் பெருகும் புற்றுநோய் செல்லையும் இணைத்தால், ஒரே மாதிரி ஆன்டிபாடியைக் காலம் முழுக்கத் தரும் செல் வரிசை கிடைக்கும். 1984-ல் அதற்கு நோபல் பரிசு. இந்த முறையில், வால்டன் வகை பிரித்த அதே நியூகாசிலில் லூயிஸ் ஆண்டர்சன் குழுவினர் டிஸ்ட்ரோஃபினுக்கு ஆன்டிபாடிகள் செய்தார்கள். புரதத்தின் நடுப்பகுதிக்கு டிஸ்-1, ஒரு முனைக்கு டிஸ்-2, மறு முனைக்கு டிஸ்-3. உலகம் முழுக்க லேப்களில் இவை புழங்கின.

ஏன் மூன்று? ஒரு பையனின் மரபணுவில் நடுத் துண்டு மட்டும் விடுபட்டிருக்கலாம். அப்போது டிஸ்-1 ஒட்டாது, ஆனால் மற்ற இரண்டும் ஒட்டும். ஒரே ஒரு ஆன்டிபாடியை நம்பினால் 'புரதமே இல்லை' என்று தப்பாக எழுதிவிடுவோம்.

பெண் குழந்தைக்கும் வந்தால்?

இது வரை சொன்னது பாதிக் கதைதான். டுஷென் போலவே தோற்றம், அதே கெண்டைக்கால் வீக்கம், அதே கோவர்ஸ் எழுச்சி, அதே சி.பி.கே. கணக்கு. ஆனால் வீட்டில் பெண் குழந்தைக்கும் வருகிறது. 1983-ல் துனீசியாவில் பென் ஹமீதா குழுவினர் இப்படிப்பட்ட பல குடும்பங்களை விவரித்தார்கள். சொந்தத்தில் கல்யாணம் செய்துகொள்ளும் பழக்கம் அங்கே அதிகம்.

அவர்கள் தசையில் டிஸ்ட்ரோஃபின் ஆன்டிபாடியைப் போட்டால் நன்றாகவே ஒட்டியது. அப்படியானால் எது குறைகிறது? அமெரிக்காவின் அயோவாவில் கெவின் கேம்பெல் குழுவினர், டிஸ்ட்ரோஃபின் தனியாக இல்லை, சவ்வைத் துளைத்து நிற்கும் ஒரு புரதக் கூட்டத்தோடு கட்டப்பட்டிருக்கிறது என்று 1990 வாக்கில் காட்டியிருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் ஒவ்வொன்றுக்கும் ஆன்டிபாடி செய்து பார்த்தபோது, 1992-ல் விடை வந்தது. வட ஆப்பிரிக்க நோயாளிகளின் சவ்வில் 50 கிலோடால்டன் எடையுள்ள ஒரு புரதம் காணவில்லை.

அதற்கு முதலில் வைத்த பெயர் 'அடலின்'. அரபு மொழியில் தசைக்கு உள்ள சொல்லிலிருந்து வந்தது. தமிழில் 'அடல்' என்றால் வலிமை. இது தற்செயல்தான், ஆனால் பொருத்தமான தற்செயல்! பிறகு அதன் பெயர் ஆல்ஃபா சார்கோகிளைக்கன் என்று மாறியது. பீட்டா, காமா, டெல்டா என்று மூன்று கூட்டாளிகளும் கண்டுபிடிக்கப்பட்டார்கள். நான்குக்கும் நியூகாசிலிலிருந்து ஆன்டிபாடிகள் வந்தன.

இங்கே ஒரு திருப்பம். அடலினின் மரபணு 17-ஆம் குரோமோசோமில் இருந்தது. ஆனால் துனீசியக் குடும்பங்களில் நோய் 13-ஆம் குரோமோசோமோடு சேர்ந்து வந்தது. அதாவது அவர்களிடம் கெட்டுப்போனது அடலின் அல்ல. 13-இல் இருக்கும் காமா சார்கோகிளைக்கன். நான்கும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்பவை. ஒன்று விழுந்தால் மற்றவையும் சவ்வில் நிற்க முடியாமல் போய்விடும்.

கடையில் ஸ்டாக் எடுப்பது போல இதை நினைத்துக்கொள்ளலாம். கணக்கில் இருக்க வேண்டிய மூட்டை குடோனில் இல்லை என்று ஸ்டாக் எடுப்பவர் சொல்வார். யாரால் குறைந்தது என்று அவர் சொல்ல மாட்டார். அதற்குத் தனியாக விசாரிக்க வேண்டும். ஆன்டிபாடி காட்டுவது இல்லாமையை. காரணம் மரபணுவில் இருக்கிறது.

பழி யார் மேல்?

நம் ஊரில் இந்தக் கதை எங்கே வந்து தொடுகிறது? நடக்க முடியாத குழந்தை உள்ள வீட்டில் இரண்டு வகையான பேச்சு கேட்கும். 'பொண்ணு வீட்டு வழியா வந்தது, அவங்க பரம்பரையில ஏதோ இருக்கு' என்று ஒன்று. 'சொந்தத்துல கட்டாதீங்கன்னு அப்பவே சொன்னோம்' என்று இன்னொன்று. அக்கா மகள், மாமன் மகள் என்று முறை பார்த்துக் கட்டும் வழக்கம் தமிழ்நாட்டில் இன்னும் இருக்கிறது. அதனால் இரண்டாவது பேச்சு சுலபமாக வரும்.

டிஸ்ட்ரோஃபின் இல்லை என்றால் நோய் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. சொந்தத்தில் கட்டியதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அசலில் கட்டியிருந்தாலும் வந்திருக்கும். அம்மாவிடம் இருந்து வந்திருக்கலாம், ஆனால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பையன்களுக்கு அம்மாவிடமும் இல்லாமல் புதிதாகவே தவறு ஏற்படுகிறது. அம்மாவிடம் இருந்தால் அடுத்து ஜாக்கிரதையாக இருக்க வேண்டியது பையனின் அக்கா தங்கை, பெரியம்மா, சித்தி ஆகியோர்.

சார்கோகிளைக்கன் இல்லை என்றால் கணக்கே வேறு. அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் ஆளுக்கொரு குறைபட்ட பிரதி வந்தால்தான் நோய். அம்மா மேல் மட்டும் பழி போட இடமே இல்லை. ஒவ்வொரு பிரசவத்திலும், ஆணோ பெண்ணோ, நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. இங்கே சொந்தத்தில் கட்டுவது நிஜமாகவே வாய்ப்பைக் கூட்டும். அந்தக் குடும்பத்தில் அடுத்த கல்யாணம் பேசும்போது இது தெரிந்திருக்க வேண்டும்.

வெளியில் இருந்து பார்த்தால் இரண்டு குழந்தைகளும் ஒரே மாதிரி. தசைச் சீவலில் எந்த ஆன்டிபாடி ஒட்டவில்லை என்பதில்தான் வித்தியாசம். ஒரு வீட்டில் யாரைக் குற்றம் சொல்லக்கூடாது, யாரை எச்சரிக்க வேண்டும் என்பது அந்தச் சில சொட்டுகளில் இருந்தது என்றால் மிகையில்லை.

பெண்களுக்கும் தசைச்சிதைவு வரும் என்பதைத் தமிழ்நாட்டில் பலருக்குத் தெரியவைத்தவர்கள் சேலத்தைச் சேர்ந்த வானவன் மாதேவி, இயல் இசை வல்லபி சகோதரிகள். இருவரும் இந்த நோயோடு வளர்ந்தவர்கள். தங்களைப் போன்றவர்களுக்காக ஆதவ் அறக்கட்டளையைத் தொடங்கியவர்கள்.

ஐஸ் பெட்டியில் போகும் தசை

சோதனை எப்படி நடக்கிறது என்பதையும் பார்த்துவிடலாம். தொடையிலோ தோளிலோ சிறு துண்டு தசை எடுப்பார்கள். திரவ நைட்ரஜனில் குளிர வைத்த திரவத்தில் நொடியில் உறைய வைப்பார்கள். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு கனத்துக்குச் சீவி, கண்ணாடியில் ஒட்டி, ஆன்டிபாடி விடுவார்கள். பிறகு அந்த ஆன்டிபாடியைப் பிடிக்கும் இன்னொரு ஆன்டிபாடி, நிறத்தோடு. நல்ல தசையில் ஒவ்வொரு இழையைச் சுற்றியும் வளையம் விழும், தேன்கூடு மாதிரி. நோயுற்ற தசையில் வளையம் இருக்காது. நோயைத் தாங்கிச் செல்லும் பெண்களிடம் சில சமயம் சில இழைகளில் வளையம் இருக்கும், சிலவற்றில் இருக்காது.

வளையம் இல்லை என்றால் உடனே நோய் என்று எழுத முடியாது. தசை சரியாக உறையாமல் சவ்வே கெட்டிருக்கலாம். அதனால் ஸ்பெக்ட்ரின் என்ற வேறொரு சவ்வுப் புரதத்துக்கும் சேர்த்து ஆன்டிபாடி போடுவார்கள். அது ஒட்டினால் சவ்வு நன்றாக இருக்கிறது, குறை நிஜம்தான் என்று முடிவு.

இந்த ஆன்டிபாடிகளில் பல, ஃபார்மலினில் ஊறிய தசையில் சரியாக வேலை செய்யாது. சாதாரண ஊர் லேபில் பாட்டிலில் போட்டு அனுப்பும் வழக்கமான முறை இதற்கு ஒத்துவராது. திருவண்ணாமலையிலிருந்து வேலூர் சுமார் 80 கிலோமீட்டர், பெங்களூர் சுமார் 200. நடக்க முடியாத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறும் குடும்பத்துக்கு அது சின்ன தூரம் இல்லை. பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனையின் நரம்பு நோய்க்கூறியல் பிரிவினர் இந்த ஆன்டிபாடிகளைக் கொண்டு தென்னிந்திய நோயாளிகளின் தசைகளைப் பல வருடங்களாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள்.

பழைய ஆள், புதிய வேலை

2002-க்குப் பிறகு எம்.எல்.பி.ஏ. என்ற ரத்தச் சோதனை வந்தது. டிஸ்ட்ரோஃபின் மரபணுவின் 79 துண்டுகளில் எது விடுபட்டது, எது இரட்டித்தது என்று அதுவே சொல்லிவிடும். பெரும்பாலான டுஷென் குழந்தைகளுக்கு இப்போது தசையை வெட்ட வேண்டியதில்லை. கோயம்புத்தூரில் எம்.டி.சி.ஆர்.சி. என்ற மையம் டுஷென் குடும்பங்களுக்கு மரபணுச் சோதனையும் ஆலோசனையும் தருவதற்கென்றே தொடங்கப்பட்டது. ரத்தச் சோதனையில் விடை கிடைக்காதபோதும், கிடைத்த மாற்றம் நிஜமாகவே கெடுதலா என்று சந்தேகம் வரும்போதும், மறுபடி ஆன்டிபாடியிடம்தான் போகிறார்கள்.

இதற்கு நடுவில் அதற்கு இன்னொரு வேலையும் வந்தது. 2016 செப்டம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எடெப்லிர்சன் என்ற டுஷென் மருந்துக்கு அனுமதி தந்தது. அதன் ஆலோசனைக் குழு சிறு வித்தியாசத்தில் எதிராக வாக்களித்திருந்தும்! மருந்து டிஸ்ட்ரோஃபினை உண்டாக்குகிறது என்பதுதான் ஆதாரம். அளந்தது ஆன்டிபாடி. 180 வாரம் மருந்து எடுத்த நோயாளிகளின் தசையில் இருந்த டிஸ்ட்ரோஃபின், சராசரியாக நல்ல தசையில் இருப்பதில் 0.93 சதவீதம். ஒரு சதவீதம்கூட இல்லை. மருந்தின் விலையோ வருடத்துக்கு சுமார் 3 லட்சம் டாலர் என்று அப்போது செய்திகள் வந்தன. ஒளிரும் இழைகளை எண்ணினால் ஒரு விடை, புரதத்தின் அளவைக் கணக்கிட்டால் வேறு விடை. ஸ்டாக் எடுக்கும் முறையை மாற்றினால் இருப்பு மாறுவது போலத்தான். எவ்வளவு புரதம் இருந்தால் ஒரு குழந்தையின் நடை நிலைக்கும் என்ற கேள்விக்கு ஆன்டிபாடியால் விடை சொல்ல முடியாது. அது குழந்தையின் காலில்தான் தெரியும்.

நம் நாட்டில் 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 21 வகை மாற்றுத்திறன்களில் ஒன்றாகத் தசைச்சிதைவைச் சேர்த்தது. பெயர் சொல்லி ஒரு நோயைச் சட்டத்தில் எழுதுவது பெரிய விஷயம். வீட்டுக்குள் அந்த நோயைச் சரியான பெயரில் அழைப்பதும் அதே அளவு பெரிய விஷயம். இரண்டு பையன்கள் ஒரே மாதிரி தடுமாறி நடக்கலாம். ஒருவனுடைய அம்மாவைக் குற்றவாளி ஆக்கியதும், இன்னொருவனுடைய அப்பா அம்மா கல்யாணத்தையே தப்பு என்று சொன்னதும், அவர்கள் தசையில் எந்தப் புரதம் இல்லை என்று தெரியாத காலத்துப் பேச்சு. அந்தக் காலம் 1990-களிலேயே முடிந்துவிட்டது. பேச்சு மட்டும் இன்னும் முடியவில்லை.